தொலைந்த கிளி வீடு திரும்ப: வளையமா, சிப்பா, படமா, குரலா?

ஒரு மாலை எங்கள் மாடிக் கைப்பிடிக் கம்பியில் ஒரு காக்டீல் (கொண்டையுள்ள சிறிய கிளி இனம்) வந்து உட்கார்ந்தது. சாம்பல் உடம்பு, மஞ்சள் முகம், கன்னத்தில் ஆரஞ்சுப் பொட்டு. அலகைத் திறந்தபடி மூச்சு வாங்கியது. விரலை நீட்டினேன், கொஞ்சமும் தயங்காமல் ஏறிக்கொண்டது. கூண்டுக்குள் விட்டதும் தண்ணீர்க் கிண்ணத்தை விட்டு நகரவே இல்லை. அந்த நேரத்தில் எங்கோ ஒரு வீட்டில் யாரோ காலிக் கூண்டின் முன்னால் உட்கார்ந்திருப்பார்கள் என்று நினைத்தபோது எனக்கும் இரவுச் சாப்பாடு இறங்கவில்லை.

அடுத்த நான்கு நாட்களில் மூன்று குடும்பங்கள் 'அது எங்களுடையது' என்றன. ஒருவரும் பொய் சொல்லவில்லை. மூன்று வீட்டிலும் உண்மையாகவே ஒரு காக்டீல் பறந்து போயிருந்தது. சாம்பல் நிறக் காக்டீல்கள் எல்லாம் ஒரே அச்சில் வார்த்தவை போலத்தான் இருக்கும். பறவையின் காலில் வளையம் இருந்தது, வளையத்தில் எண்ணும் இருந்தது. அந்த எண்ணிலிருந்து வீட்டு வாசல் வரை போகிற வழிதான் நடுவில் அறுந்து கிடந்தது.

எங்கள் வீட்டிலும் ஓர் ஆப்பிரிக்கச் சாம்பல் கிளியும் இரண்டு பட்ஜிகளும் இருக்கின்றன. பட்ஜி என்றால் பலர் 'லவ் பேர்ட்ஸ்' என்று பொதுவாகச் சொல்கிற சின்னக் கிளிதான். இவற்றுக்கு என்ன அடையாளம் செய்து வைப்பது என்று முடிவெடுப்பதற்காக, இருக்கிற வழிகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தேன். எல்லாவற்றிடமும் நான் கேட்ட கேள்வி ஒன்றுதான்: முன்பின் தெரியாத ஒருவர் கையில் என் பறவை இருக்கிறது, அங்கிருந்து செய்தி என்னிடம் வந்து சேர எத்தனை கை மாற வேண்டும்?

காலில் உள்ள வளையம்

பறவை வளர்ப்பவர்கள் 'ரிங்' என்று சொல்வது இதைத்தான். இதில் இரண்டு வகை உண்டு. மூடிய வளையம் வெட்டோ இணைப்போ இல்லாத முழு வட்டம். குஞ்சுப் பருவத்தில், கால் இன்னும் மெலிந்திருக்கும்போதே விரல்களைச் சேர்த்துப் பிடித்து உள்ளே நுழைத்துவிடுவார்கள். பட்ஜி போன்ற சிறிய இனங்களுக்குப் பொரித்த பத்து நாட்களுக்குள், பெரிய கிளிகளுக்கு இரண்டு மூன்று வாரத்தில். கால் பருத்த பிறகு அது கழலாது. வளர்ந்த பறவைக்குப் புதிதாகப் போடவும் முடியாது. ஆகவே மூடிய வளையம் வேண்டுமா என்ற முடிவு வளர்ப்பவர் கையில் இல்லை. குஞ்சு பொரித்த இடத்திலேயே முடிந்துபோகிறது. வாங்கும்போது வளையம் போட்ட பறவையாகப் பார்த்து வாங்குவதுதான் நம்மால் செய்யக்கூடியது. சில நாடுகளில் உள்நாட்டுக் கிளிகளைப் பிடிப்பதும் வளர்ப்பதும் குற்றம். காட்டில் பிடித்த பறவை அல்ல, கூண்டில் பொரித்ததுதான் என்பதற்கு இந்த வளையம் ஓரளவு சாட்சியாகவும் நிற்கும்.

திறந்த வளையம் ஓரிடத்தில் வெட்டுப்பட்டது. எந்த வயதிலும் மாட்டலாம், அதே சுலபத்தில் கழற்றலாம். அதனால் சாட்சி என்ற வகையில் வலு குறைவு. வெட்டு இடைவெளி சற்றே விரிந்தால் கூண்டுக் கம்பியிலோ கயிற்றிலோ சிக்கிக் காலை முறித்துவிடும். தொலைபேசி எண்ணைப் பொறித்த திறந்த வளையத்தைப் பரிந்துரைப்பவர்கள் இருக்கிறார்கள். நான் மேலே கேட்ட கேள்விக்கு அதுதான் நேரடியான பதில். கண்டெடுத்தவர் உடனே அழைத்துவிடலாம். இருந்தாலும் நான் அதைத் தேர்ந்தெடுக்கவில்லை. பெரிய கிளிகள் அலுமினியத்தை அலகால் நசுக்கிவிடும். நசுங்கிய வளையம் காலை இறுக்கி இரத்த ஓட்டத்தைத் தடுக்கும். அவற்றுக்குத் துருப்பிடிக்காத எஃகுதான் தாங்கும் என்பது மூடிய வளையத்துக்கும் பொருந்தும்.

வளையத்தில் என்ன எழுதியிருக்கும்? பெரும்பாலும் வளர்த்து விற்பவரின் அல்லது சங்கத்தின் குறியீடு, பொரித்த ஆண்டு, ஒரு வரிசை எண். உரிமையாளர் பெயர் இருக்காது. குறியீட்டிலிருந்து சங்கம், சங்கத்திலிருந்து குஞ்சு பொரித்தவர், அவரிடமிருந்து கடை, கடையிலிருந்து வாங்கியவர் என்று நான்கு கை மாற வேண்டும். அதில் ஒருவர் ஏட்டைத் தொலைத்திருந்தால் அதோடு சரி.

அந்தக் காக்டீலின் வளையத்தைப் படிக்கவே எனக்கு இருபது நிமிடம் ஆனது. மெல்லிய துண்டில் சுற்றி, தலை வெளியே தெரியும்படி பிடித்துக்கொண்டேன். நெஞ்சை அழுத்தாமல் பிடிக்க வேண்டும். நெஞ்சையும் வயிற்றையும் பிரித்து மூச்சுக்கு உதவும் உதரவிதானம் என்ற தசை, நம்மைப் போல் பறவைகளுக்குக் கிடையாது. நெஞ்செலும்பு முன்னும் பின்னும் அசைந்தால்தான் மூச்சு. வளையம் முழுக்க எச்சம் காய்ந்து ஒட்டியிருந்தது. வெதுவெதுப்பான தண்ணீரில் பஞ்சை நனைத்துத் துடைத்தேன். பிறகு ஈர்க்குச்சியால் வளையத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுழற்ற, மனைவி கைபேசியில் காணொளி எடுத்தாள். நிறுத்தி நிறுத்திப் பார்த்தபோது ஓர் எண் 61 என்று தெரிந்தது. தலைகீழாகப் பார்த்தால் அதுவே 19. பக்கத்தில் இருந்த எழுத்து எந்தப் பக்கம் நிமிர்ந்து நிற்கிறது என்று பார்த்துத்தான் 61 என்று உறுதி செய்தோம். இத்தனைக்கும் பிறகு விசாரித்தால், அந்தக் குறியீட்டுக்கு உரியவர் பறவை வளர்ப்பையே விட்டுப் பல வருடம் ஆகியிருந்தது. மூன்று குடும்பங்களில் ஒரு குடும்பம்கூட வளைய எண்ணை எங்கேயும் எழுதி வைத்திருக்கவில்லை. ஒரு வரி எழுதியிருந்தால் நான்கு கையும் தேவைப்பட்டிருக்காது.

உடம்புக்குள் இருக்கும் சிப்

மைக்ரோசிப் நெல்மணி அளவுள்ள கண்ணாடிக் குழல். வழக்கமான அளவு சுமார் 12 மில்லிமீட்டர் நீளம், 2 மில்லிமீட்டர் பருமன். சிறியது 8 மில்லிமீட்டர் நீளத்தில் கிடைக்கிறது. பறவைகளுக்கு வழக்கமாக இடது நெஞ்சுத் தசையில் ஊசி மூலம் வைப்பார்கள். சர்வதேசத் தரத்துக்கு உட்பட்ட சிப்பில் 15 இலக்க எண் இருக்கும், 134.2 கிலோஹெர்ட்ஸ் அலைவரிசையில் கருவி அதைப் படிக்கும். உள்ளே பேட்டரி கிடையாது. கருவி சில சென்டிமீட்டர் தூரத்துக்கு வந்தால்தான் அதனிடமிருந்து சக்தியைப் பெற்று எண்ணைச் சொல்லும். 'சிப் வைத்திருக்கிறோமே, எங்கே பறக்கிறது என்று தெரிந்துவிடும்' என்று நம்பியிருக்கும் பலரைப் பார்த்திருக்கிறேன். தெரியாது. சிப் தேடித் தராது. கிடைத்த பறவை யாருடையது என்று மட்டும் சொல்லும்.

அந்த ஒரு வேலையை அது எவ்வளவு நன்றாகச் செய்யும் என்பதற்கு நைஜல் என்ற ஆப்பிரிக்கச் சாம்பல் கிளி உதாரணம். கலிபோர்னியாவில் தொலைந்து, நான்கு ஆண்டுகள் கழித்து 2014-இல் சிப்பின் உதவியால் உரிமையாளரிடம் திரும்பியது. போகும்போது பிரிட்டிஷ் உச்சரிப்பில் ஆங்கிலம் பேசிய கிளி, திரும்பி வந்தபோது ஸ்பானிஷ் பேசியது. குரலை வைத்து அடையாளம் கண்டிருந்தால் சொந்தக்காரரே குழம்பியிருப்பார். நெஞ்சுக்குள் இருந்த எண் மாறவில்லை.

ஆனால் சிப்புக்கும் கை மாற வேண்டும். கண்டெடுத்தவர் கண்ணுக்கு அது தெரியாது. கால்நடை மருத்துவரிடமோ காப்பகத்துக்கோ கொண்டுபோக வேண்டும் என்று அவருக்குத் தோன்ற வேண்டும். அங்கே கருவி இருக்க வேண்டும். நாய், பூனைக்குப் பார்ப்பது போல் கிளியின் நெஞ்சிலும் கருவியை வைத்துப் பார்க்கலாம் என்பது அங்குள்ளவருக்கு நினைவு வர வேண்டும். வேறு அலைவரிசையில் இயங்கும் பழைய சிப்பைச் சில கருவிகள் படிக்காமல் விட்டுவிடும். எண் கிடைத்தாலும் அது பதிவாகியிருக்கும் தளத்தில் விற்றவரின் பெயரே இருக்கலாம், அல்லது நீங்கள் எப்போதோ விட்டுவிட்ட தொலைபேசி எண் இருக்கலாம். வீடு மாறும்போது எத்தனையோ இடங்களில் முகவரியை மாற்றுகிறோம். கிளியின் பதிவில் மாற்ற மறந்துவிடுகிறோம்.

எடை இன்னொரு தடை. பட்ஜி 30 முதல் 40 கிராம்தான். அதன் நெஞ்சுத் தசையில் இவ்வளவு பெரிய பொருளை வைப்பது தேவையில்லாத ஆபத்து. காக்டீல் 80, 90, 100 கிராம். அது எல்லைக்கோட்டில் நிற்கிறது, பறவைகளைப் பார்த்துப் பழகிய மருத்துவர்தான் சொல்ல வேண்டும். 400, 500 கிராம் உள்ள சாம்பல் கிளிக்கும் அதைவிடப் பெரிய மக்கா இனக் கிளிக்கும் தயங்கவே வேண்டாம் என்பேன். ஊசித் துளையில் கொஞ்சம் இரத்தம் வரும், பசையோ தையலோ போட்டு மூடுவார்கள். எங்கள் கிளி அன்று முழுவதும் என் முகத்தைப் பார்க்காமல் திரும்பி உட்கார்ந்திருந்தது; மறுநாள் பழையபடி தோளுக்கு வந்துவிட்டது.

சட்டத்தின் கணக்கும் இதில் சேர்கிறது. கிளி இனங்கள் ஏறக்குறைய எல்லாமே சர்வதேச வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தப் பட்டியல்களில் இருக்கின்றன. ஆப்பிரிக்கச் சாம்பல் கிளி 2016-இல் ஜோகன்னஸ்பர்க் கூட்டத்தில் மிகக் கடுமையான முதல் பட்டியலுக்கு மாற்றப்பட்டது. இப்படிப்பட்ட இனங்களை விற்க வளையமோ சிப்போ, அதற்குரிய தாளோ பல இடங்களில் கேட்கப்படும். பட்டியலில் இல்லாதவை நான்கே இனங்கள்: பட்ஜி, காக்டீல், பச்சைக்கிளி, பட்ஜி அல்லாத உண்மையான லவ்பேர்டுகளில் பீச் நிற முகமுள்ளது. வீடுகளில் அதிகம் வளர்வதும் இவைதான். தாளும் எண்ணும் குறைவாக இருப்பதும் இவற்றுக்குத்தான். இந்த நான்கில் ஒன்றை வளர்ப்பவர் அடையாளத்தைத் தாமே உண்டாக்கி வைத்தால்தான் உண்டு.

டிஎன்ஏ, ஜிபிஎஸ் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். டிஎன்ஏ அடையாளம் அசைக்க முடியாதது. ஆனால் ஒப்பிட்டுப் பார்க்க, தொலைவதற்கு முன்பே எடுத்த மாதிரி ஒன்று இருக்க வேண்டும். பலரிடம் இருப்பது ஆணா பெண்ணா என்று பார்த்த சான்றிதழ். அது அடையாளச் சான்று ஆகாது, ஆண் பெண் பொருந்தாவிட்டால் உரிமை கோரும் ஒருவரை விலக்க மட்டும் உதவும். விலை உயர்ந்த பறவைக்கு இருவர் உரிமை கோரி வழக்குவரை போனால் டிஎன்ஏ தேவைப்படும். ஜிபிஎஸ் கருவியோ கிளிக்கு ஒத்துவராது. பறக்கும் பறவை மேல் ஏற்றும் சுமை அதன் எடையில் 3 முதல் 5 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது என்பது ஆய்வாளர்கள் பின்பற்றும் கணக்கு. 90 கிராம் காக்டீலுக்கு அது 3, 4 கிராம்தான். பெரிய கிளி எடையைத் தாங்கும், ஆனால் கருவியைக் கடித்துத் துண்டாக்கிவிடும்.

படம்: நான் அதிகம் நம்புவது

கிளியின் படம் எல்லோரிடமும் இருக்கிறது. அடையாளம் காட்டும் படம்தான் இருப்பதில்லை. தோளில் உட்கார்ந்திருக்கும், குழந்தையோடு கொஞ்சும் படங்களில் கிளி அழகாக இருக்கும். அது எந்தக் கிளி என்று தெரியாது. நமக்கு வேண்டியது அழகில்லாத படங்கள். இரண்டு பாதங்களும் மேலிருந்தும் கீழிருந்தும், ஒவ்வொரு நகமும் எண்ணும்படி. அலகின் இரண்டு பக்கமும். வால் அடிப்பக்கம். இரண்டு இறக்கையும் விரித்த நிலையில். வளையத்தின் எண் தெளிவாகத் தெரிய ஒன்று.

ஏன் பாதம் முதலில்? நிறம் இனத்தைச் சொல்லும், சில சமயம் ஆணா பெண்ணா என்றும் சொல்லும். ஆளைச் சொல்வது காயங்கள்தான். போன நகம், வளைந்து ஒட்டிய விரல், அலகு ஓரத்தில் சிறு விரிசல், கண்ணோரம் இறகு முளைக்காத ஓர் இடம். இறக்கை வெட்டியிருப்பது நிலையான அடையாளம் ஆகாது. இறகு உதிர்ந்து புதிது முளைத்தால் மறைந்துவிடும். வயதும் உருவத்தை மாற்றும். சாம்பல் கிளிக் குஞ்சின் கண் கருமை கலந்திருக்கும், ஓரிரு ஆண்டில் வெளிர் மஞ்சளாகும். ஆண் பச்சைக்கிளிக்குக் கழுத்துப்பட்டை முழுதாக வர இரண்டு மூன்று ஆண்டு பிடிக்கும். ஆகவே பழைய படத்தை வைத்துக்கொண்டு 'இது எங்களுடையது இல்லை' என்று சீக்கிரம் ஒதுக்கிவிடக் கூடாது; ஆண்டுக்கு இரண்டு முறையாவது படத்தைப் புதுப்பிக்க வேண்டும்.

எங்கள் வீட்டுக்கு வந்த காக்டீலின் கதையும் இப்படித்தான் தீர்ந்தது. அறிவிப்பில் நான் இனத்தையும் கிடைத்த நாளையும் மட்டும் போட்டேன். வளையம் இருப்பதைச் சொல்லவில்லை. இடது காலின் பின்விரல் ஒன்றில் நகம் இல்லாததையும் சொல்லவில்லை. முதலில் வந்தவரிடம் வளைய நிறம் என்ன என்றேன். அவர் பறவைக்கு வளையமே இல்லை. இரண்டாவது குடும்பம் அனுப்பிய படத்தில் முகம் மங்கலாக, வாலின் அடியில் மஞ்சள் வரிகள் குறுக்கே ஓடின. சாம்பல் நிறக் காக்டீலில் வளர்ந்த பெண்ணின் அடையாளம் அது. எங்களிடம் இருந்ததோ பளீர் மஞ்சள் முகமும் வரியில்லாத வாலும் உள்ள ஆண். அந்த அம்மா தொலைபேசியிலேயே அழுதுவிட்டார். தேடும் இடங்களை அவருக்குச் சொல்லிவிட்டு, அவர் பறவையின் விவரத்தையும் எங்கள் அறிவிப்பில் சேர்த்தேன்.

மூன்றாவது வந்தது ஒரு தாயும் பத்து வயதுப் பையனும். பையனின் பள்ளிக் குறிப்பேட்டின் மேல் காக்டீல் நடக்கும் படம் ஒன்றைக் காட்டினார்கள். பெரிதாக்கிப் பார்த்தேன். இடது பாதம், பின்விரல், நகம் இருக்க வேண்டிய இடத்தில் மொட்டையான நுனி. கதவிடுக்கில் மாட்டி நகம் போன கதையைப் பையனே சொன்னான், நான் எதுவும் கேட்பதற்கு முன்பே.

குரல்

வளையமும் சிப்பும் படமும் பறவையைப் பற்றி மற்றவர் சொல்வது. குரல் பறவையே சொல்வது. 2008-இல் ஜப்பானில் டோக்கியோ அருகே நகரேயாமாவில் கூரையில் பிடிபட்ட யோசுகே என்ற ஆப்பிரிக்கச் சாம்பல் கிளி, காவல் நிலையத்தில் வாயே திறக்கவில்லை. கால்நடை மருத்துவமனையில் சில நாள் இருந்து பழகிய பிறகு, தன் பெயரையும் வீட்டு முகவரியையும் வரிசையாகச் சொன்னது. வீடு போய்ச் சேர்ந்தது. நான் வேண்டாமென்ற தொலைபேசி எண் வளையத்தை விட்டால், செய்தி நேராக வீட்டுக்குப் போகிற வழி இதுதான்.

ஆனால் யோசுகே சில நாள் எடுத்துக்கொண்டது என்பதைக் கவனியுங்கள். புது இடத்தில் மிரண்ட கிளி பேசாது. எல்லாக் கிளிகளும் எண்களைத் தெளிவாகச் சொல்லாது. காக்டீலுக்குப் பேச்சைவிடச் சீட்டி நன்றாக வரும். நைஜல் போல மொழியே மாறவும் கூடும். எனவே குரலைத் துணைச் சாட்சியாக வைத்துக்கொள்ளலாம், தனிச் சாட்சியாக வேண்டாம்.

துணைச் சாட்சி என்றாலும் அதற்குத் தனி வலு இருக்கிறது. கிளிகள் ஒன்றையொன்று கூப்பிட ஆளுக்கு ஒரு தனிக் கூவலை வைத்துக்கொள்கின்றன. வெனிசுலாவில் சின்னஞ்சிறு பச்சைக் கிளி இனம் ஒன்றைக் கூட்டிலேயே பதிவு செய்த ஆய்வு 2011-இல் வெளியானது. குஞ்சுகள் தங்கள் தனிக் கூவலைப் பெற்றோரிடமிருந்து கற்கின்றன என்று அது காட்டியது, ஏறக்குறைய நாம் பெயர் வைப்பது போல. வீட்டுக் கிளியும் வீட்டு மனிதரோடு இப்படி ஒரு கூவலைப் பழகியிருக்கும். அதை இன்றே பதிவு செய்து வைத்துக்கொள்ளுங்கள். தொலைந்த நாளில் மரத்தடியில் நின்று ஒலிக்கவிடவும் அது உதவும்.

அந்தப் பையனிடம் கேட்டேன், நீ எப்படிக் கூப்பிடுவாய் என்று. அவன் கூண்டைப் பார்க்க முடியாத அடுத்த அறையில் இருந்தான். மூன்று சுரம், கடைசிச் சுரம் மேலே ஏறும். நான்கு நாட்களாகச் சுருண்டு கிடந்த கொண்டை நிமிர்ந்தது. காக்டீல் கம்பியோரம் ஓடி வந்து அதே மூன்று சுரத்தைத் திருப்பிச் சீட்டியடித்தது.

நம்பக் கூடாத சாட்சி ஒன்றும் இருக்கிறது: 'பாருங்கள், என் தோளில் ஏறிவிட்டது.' பழகிய கிளி பசியோடும் பயத்தோடும் இருந்தால் யார் கையிலும் ஏறும். என் விரலில் ஏறியதைத்தான் முதலிலேயே சொன்னேனே. கண்டெடுத்தவர்கள் இதை வைத்துப் பறவையைக் கொடுத்துவிட வேண்டாம். வளைய எண்ணோ, சொல்லாமல் வைத்திருந்த ஒரு காயமோ, தேதியுள்ள பழைய படமோ கேட்டுப் பாருங்கள். உண்மையான உரிமையாளர் கோபப்பட மாட்டார். அவருக்கே அந்தக் கேள்வி நிம்மதி தரும். பறிகொடுத்தவர்களும் எல்லா அடையாளத்தையும் அறிவிப்பில் கொட்டிவிடக் கூடாது, ஒன்றையாவது கையில் வைத்திருங்கள்.

நாங்கள் எடுத்த முடிவு

சாம்பல் கிளிக்குச் சிப் வைத்தோம். அதன் காலில் ஏற்கெனவே மூடிய வளையம் இருந்தது, எண்ணை எழுதிக்கொண்டோம். சிப் பதிவில் என் எண்ணோடு என் தங்கையின் எண்ணையும் சேர்த்தோம், ஒன்று மாறினாலும் மற்றது இருக்கட்டும் என்று. என்றாவது கால் வீங்கி மருத்துவர் வளையத்தை வெட்டினால் துண்டுகளை வாங்கி வைத்துக்கொள்ளச் சொல்லி வீட்டில் எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன். தொலைபேசி எண்ணைக் கிளிக்குப் பழக்கிக்கொண்டிருக்கிறோம். முதல் நான்கு இலக்கம் சரியாக வருகிறது. ஐந்தாவதில் நின்று, அழைப்புமணி போலச் சத்தம் போடுகிறது.

பட்ஜிகளுக்குச் சிப் இல்லை, வளையமும் இல்லை. அவற்றுக்குப் படமும் குரல் பதிவும்தான். நீலப் பட்ஜியின் வலது பாதத்தை எடுக்க நேற்று மட்டும் பதினோரு முறை முயன்றேன். பன்னிரண்டாவதில் எல்லா நகமும் தெரிகிறது. படங்களைக் கைபேசியில் மட்டும் வைக்காமல் அச்செடுத்து, கூண்டுக்கு அருகே அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டியிருக்கிறேன். மேலே தேதி, கீழே மருத்துவரின் எண்.